மூடி கழட்டாத சோடா

அராலிச் சந்தியில் பஸ் இறக்கிவிட்டபோது
என்னிடம் இருந்தவை:
எண்பது பக்கக் கொப்பி, இரண்டு பேனை,
ஒலிப்பதிவுக்குப் போன்,
முப்பத்தாறு கேள்விகள்,
விரிவுரையில் எழுதிக்கொண்ட ஒரு வரி:
பழகியதை அந்நியமாய்ப் பார்.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்தாலும்
அரை மணித்தியாலம்தான்.
அந்நியமாவதற்கு அது போதுமென்று
நான் நினைத்திருக்கவில்லை.

படலையில் நாய் குரைக்க முதலே
தவமலரக்கா என்னைக் கண்டுவிட்டார்.
"ஆற்றை பிள்ளை?"
பெயரைச் சொன்னேன்.
அவர் பெயரைக் கேட்கவில்லை.
"எவடம்?"
ஊரைச் சொன்னேன்.
"அதில எவடம்? கோயிலுக்கு மேற்கையோ கிழக்கையோ?"
கிழக்கு.
அவ்வளவுதான்.
மூன்று கேள்வியில் என்னை முழுதாய்
எழுதி முடித்துவிட்டார், கொப்பியில்லாமல்.

"கஜீபன், ஓடிப்போய் ஒரு சோடா வாங்கியா!"

வந்தது.
போத்தல் வியர்த்திருந்தது. மூடி கழட்டவில்லை.
கிளாஸ் வைக்கவில்லை.
அந்த வீட்டுப் பாத்திரம் எதுவும்
என் உதட்டில் படாதபடி
எங்கோ ஒரு தொழிற்சாலை
இறுக்கி மூடி அனுப்பிய மரியாதை.
தூய்மை, தீட்டு என்று
ஒரு தவணை முழுக்கப் படித்தேன்.
அது நெக்டோ நிறத்தில் இருக்குமென்று
ஒருவரும் சொல்லித்தரவில்லை.

"தேத்தண்ணி கிடைக்குமோ அக்கா?"
கேட்கும்போதே எனக்குள் ஒருத்தி
பங்கேற்பு அவதானிப்பு என்று எழுதிச்
சரி போட்டுக்கொண்டாள்.
அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுப்படியில் குசுகுசுப்பு. அலுமாரி திறக்கிற சத்தம்.
கோப்பை வந்தது.
அடியில் விலைச்சீட்டு உரிக்கவில்லை.
தவமலரக்கா தன்னுடையதை
காது உடைந்த கோப்பையில் குடித்தார்.
நான் குடித்து முடிக்கும்வரை
என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
களத்தில் அன்று
அவதானித்தது யார் என்று
கொப்பியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பிறகு உறவுமுறை வரைந்தேன்.
முக்கோணம் ஆண். வட்டம் பெண்.
சமன்குறி கலியாணம்.
ஐந்து தலைமுறை, தாள் நிறைய.
"உங்கடையையும் கீறும்,
பக்கத்திலயே கீறும்."
கீறினேன்.
தேத்தண்ணி குடித்தவள் மறுக்கக் கூடாது;
கொடுத்தால் திருப்ப வேண்டுமென்பது
பாடத்திலும் இருக்கிறது, பழக்கத்திலும் இருக்கிறது.

அவர் விரல் இரண்டு மரங்களுக்கும் நடுவே
வெள்ளையில் மேலிருந்து கீழே போனது.
"இஞ்சாலையிருந்து அங்காலை
ஒரு சமன்குறியும் போகேல்லையே பிள்ளை.
ஐஞ்சு தலைமுறையாக் கணக்குப் பிழைச்சிருக்கு."
சிரித்தார். கஜீபனும் சிரித்தான்.
நான் சிரித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது,
கொஞ்சம் பிந்தி.

"அகமணம்" என்று பிறகு வீட்டில் எழுதினேன்.
எழுதிய சொல்
அந்த வெள்ளை இடத்தை நிரப்பவில்லை.

வெளிக்கிடும்போது கேட்டார்:
"நான் உங்கட வீட்டை வந்தா
எதில தருவியள்?"

பதினொரு செக்கன்.
எழுத்துப்பிரதியில் அப்படித்தான் போட்டிருக்கிறேன்:
மௌனம், பதினொரு செக்கன்,
தூரத்தில் மீன்காரனின் ஹோர்ன்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
சோடாவை என் பைக்குள் வைத்தார்.
"கொண்டுபோம். வெயில்."

வெயில்தான். ஆனால் வழியில் நான் அதை உடைக்கவில்லை.
பை தோளில் ஈரமாய் ஒட்டியது.

வீட்டில் குளிர்சாதனப்பெட்டியைத் திறந்த அம்மா
"இதார் தந்தது?" என்றார்.
சொன்னேன். ஊரை, வீட்டை, பெயரை.
போத்தலை வெளிச்சத்தில் பிடித்து
மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"மூடி கழட்டேல்லைத்தானே?"

கொப்பியை எடுத்தேன்.
முப்பத்தேழாவது கேள்வி.
கேட்டவர்: பெண், வயது ஐம்பத்தெட்டு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோயிலுக்குக் கிழக்கு.